ஜாலஹள்ளி தந்த சாவி வாட்ச்

2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடிவிட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. துமகூரு ஆலையின் நிலம் பிறகு விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் கைக்குப் போனது. பெங்களூர் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.யின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று 2019-இல் திறக்கப்பட்டது. ஒரு தொழிலின் கதை இத்துடன் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஆலைகளில் செய்த வாட்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஜனதா, பைலட், சோனா மாடல்கள் சாவி கொடுத்தால் இன்றும் நேரம் காட்டுகின்றன. அவை பிறந்த பிறகு உலகுக்கு வந்தவர்கள்கூட அவற்றைத் தேடி வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். பழையதன் மேல் உள்ள ஏக்கம் என்று மட்டும் இதற்குக் காரணம் சொன்னால் போதாது. எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும், எந்த ஊரிலும் பழுது பார்க்க முடிய வேண்டும் என்ற நோக்கத்தோடு, வேண்டாததை எல்லாம் விலக்கிச் செய்த எளிய பொருள் அது. அந்த எளிமைதான் ஆலை போன பிறகும் வாட்சை வாழவைத்திருக்கிறது என்பதே என் வாதம்.

எளிமை வேண்டியிருந்ததன் காரணத்தை அந்தக் காலத்தில்தான் தேட வேண்டும். விடுதலை பெற்றபோது இந்தியர் கையில் இருந்தவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து வாட்சுகள். ஃபாவ்ர்-லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற பெயர்கள் அன்று வசதியின் அடையாளம். சாதாரணத் தொழிலாளிக்கு ஆலைச் சங்குதான் கடிகாரம். 1957-58-இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, டாலரும் பவுண்டும் கொடுத்து வாட்ச் வாங்குவது நாட்டுக்குக் கட்டுப்படியாகாத செலவானது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதும் கள்ளக் கடத்தலில் வாட்சுக்குத் தனி மவுசு வந்தது. 1953-இல் பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்வதற்காக அரசு தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.) நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து ஜாலஹள்ளியில் வாட்ச் ஆலையை அமைத்தது இந்தச் சூழலில்தான். முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. கடைசல் இயந்திரம் செய்யும் நிறுவனம் வாட்ச் செய்வதா என்று கேட்கலாம். மயிரிழை பிசகாமல் உலோகத்தைக் கடையும் திறமைதான் இரண்டுக்கும் அடிப்படை என்பதால் அது பொருந்தாத சேர்க்கையல்ல.

பெங்களூரைத் தேர்ந்ததிலும் பொருள் இருந்தது. 1809-இல் கண்டோன்மெண்ட் அமைந்த நாளிலிருந்து படையோடும் கட்டுமானத்தோடும் வணிகத்தோடும் தமிழர்கள் இங்கே குடியேறி வந்திருக்கிறார்கள். 1940-இல் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948-இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று அடுத்தடுத்து ஆலைகள் வந்தபோது, ஷிப்டு முறையில் வாழும் ஒரு நகரம் உருவானது. அல்சூர், ஆஸ்டின் டவுன், விவேக் நகர் என்று தமிழ் புழங்கும் பகுதிகளும் அந்த நகரத்தின் அங்கங்கள். விவேக் நகருக்கும் ஜாலஹள்ளிக்கும் இடையே மொத்த நகரமும் கிடக்கிறது. ஆனால் நேரத்துக்கு பஸ் பிடித்து, நேரத்துக்கு கேட்டில் நுழைந்து, நேரத்துக்குச் சம்பளம் வாங்கும் வாழ்க்கை இரு முனைகளுக்கும் பொதுவானது. அப்படிப்பட்ட வீடுகளில் வாட்ச் என்பது நகையல்ல, வேலைக்கான கருவி. அதே சமயம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டும் சீராகவும், பணி ஓய்வன்று மேடையில் கொடுக்கும் பரிசாகவும் அது மதிப்புப் பெற்றது. ‘ஜனதா’ என்ற பெயரே அது யாருக்கான வாட்ச் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஒரு ஜனதாவின் பின்மூடியைத் திறந்து பார்த்தால் இந்த எளிமை கண்முன் விரியும். உள்ளே இருப்பது 0231 என்ற எண் கொண்ட, சிட்டிசன் வடிவமைப்பில் வேரூன்றிய இயந்திரம். தேதி கிடையாது, கிழமை கிடையாது, கை அசைவில் தானே முறுக்கேறும் சுழலியும் கிடையாது. சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்துத் திருகினால், ஒரு சிறு பீப்பாய்க்குள் மெயின் ஸ்பிரிங் சுருண்டு இறுகும். அது விரியும் விசை பல்சக்கரங்கள் வழியாக இறங்கிவந்து பேலன்ஸ் வீலை ஆட்டும். தலைமுடிபோல் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அந்தச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி இழுக்க, நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000, நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு. அதிகம் உராயும் இடங்களில் செயற்கை மாணிக்கக் கல் பதித்திருக்கிறது. டயலில் போட்டிருக்கும் 17 ஜூவல்ஸ் என்பது அலங்காரக் கணக்கல்ல. சக்கரங்களின் அச்சு முனைகளுக்கும், துடிப்பை அளந்துவிடும் நெம்புகோலுக்கும், பேலன்ஸ் வீலுக்கும் தேவையான கற்களைக் கூட்டினால் வரும் தொகை. கீழே விழுந்தால் பேலன்ஸ் அச்சு முறியாமல் காக்கும் அமைப்புதான் ‘பாராஷாக்’. இதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தால் விலை ஏறும். ஒன்றைக் குறைத்தால் உழைப்பு குறையும்.

எச்.எம்.டி. செய்த பெரிய காரியம், இந்த ஒரே இயந்திரத்தைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்ததுதான். கறுப்பு டயல் போட்டால் பைலட். வேறு டயலும் முள்ளும் கூடும் மாற்றினால் ஜனதா, கோஹினூர். முகம் மாறியதே தவிர இதயம் மாறவில்லை. ஸ்ரீநகர், துமகூரு, நைனிடால் மாவட்டத்து ராணிபாக் என்று ஆலைகள் பெருகி, மொத்த உற்பத்தி பத்துக் கோடி வாட்சுகளைத் தாண்டியது. இதனால் நாடு முழுவதும் சிற்றூர் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரருக்கும் அந்த இயந்திரம் மனப்பாடமானது. கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியைச் செருகி, இடுக்கியால் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, துளி எண்ணெய் விட்டுப் பூட்டும் வித்தைக்கு அவருக்குக் கம்பெனியின் அனுமதியோ சிறப்புக் கருவியோ தேவைப்படவில்லை. ஒரு வாட்ச் செத்தால் அதன் உறுப்பு இன்னொன்றுக்கு உதவியது. வடிவமைப்பில் இருந்த எளிமை, தெருவில் ஒரு தொழிலையே நிலைநிறுத்தியது. இன்று பொருள் வாங்குகிறோம். அதைத் திறக்கும் உரிமை நம்மிடம் இல்லை. அந்த உரிமையை யாரும் கேட்காமலே கொடுத்த பொருள் சாவி வாட்ச்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடத் துல்லியமானது, அப்படியிருக்க எதற்காகப் பின்னோக்கிப் போக வேண்டும் என்பது முதல் மறுப்பு. துல்லியத்தில் ஒப்பீடே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1969 டிசம்பரில் செய்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான் வாட்சோடு அந்தப் போட்டி முடிந்துவிட்டது. இன்றைய குவார்ட்ஸ் வாட்சுகளில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தை நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் சக்கரம் வெல்லாது. ஆனால் எவ்வளவு துல்லியம் தேவை என்பதும் ஒரு கேள்வி. நாளுக்கு இருபது நொடி பிசகும் வாட்ச்கூட, 86,400 நொடியில் 4,320-இல் ஒரு பங்குதான் தவறுகிறது. வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு திருத்தலத்தில் நவநாள் திருப்பலிக்கு நேரத்தோடு போய்ச் சேரவும், ஷிப்டு பஸ்ஸைத் தவறவிடாமல் பிடிக்கவும் இது போதும், தாராளமாகப் போதும். ரயில்வேக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வேண்டிய துல்லியம் மணிக்கட்டுக்கும் வேண்டும் என்பது விற்பனைக்காரர் நமக்குக் கற்றுக்கொடுத்த தேவை. குவார்ட்ஸ் வாட்சில் மின்சுற்று போய், அந்த மாடலும் நின்றுவிட்டால், பெரும்பாலும் உள்ளிருப்பதை மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டியதுதான். பேட்டரிச் செலவும் அதைக் குப்பையில் எறியும் பழக்கமும் தனி.

இவ்வளவு நல்ல பொருள் என்றால் கம்பெனி ஏன் மூழ்கியது என்பது அடுத்த மறுப்பு. இதற்கான விடை பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை போட்டு, குவார்ட்ஸையே நம்பிச் சந்தைக்கு வந்தது. அழகான வடிவம், பளிச்சென்ற கடை, இசையோடு கூடிய விளம்பரம் என்று வாட்சை விருப்பப் பொருளாக்கியது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் வாட்சைச் செய்யாமல் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே செய்தது. அதை விற்கத்தான் அதற்குத் தெரியவில்லை. போட்டியே இல்லாத காலத்தில், வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரைப் பார்த்துப் பழகிய அரசு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளரைத் தேடிப் போகும் பழக்கம் கைவரவில்லை. ஆகவே இது நிர்வாகத்தின் தோல்வி, பொருளின் தோல்வியல்ல. மூடப்போகிறார்கள் என்ற செய்தி வெளிவந்ததும் எச்.எம்.டி. கடைகளில் கூட்டம் மொய்த்ததே இதற்குச் சாட்சி. ஓசூர் வெற்றியை நான் குறைத்துப் பேசவில்லை. அது தமிழ்நாட்டுக்குப் பெருமை. ஆனால் ஒரு சந்தையில் இரண்டுக்கும் இடம் இருந்திருக்க முடியும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. அதில் நியாயமும் இருக்கிறது. சாவி வாட்சைத் தினமும் முறுக்க வேண்டும், தண்ணீர் படாமல் பார்க்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் விட வேண்டும். அதைச் செய்யும் கைகளோ அருகிவருகின்றன. போதாக்குறைக்கு, உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துகிற அதே வசதியைப் பயன்படுத்தி, தேய்ந்த இயந்திரத்தின் மேல் புதிதாக அச்சடித்த பளபளப்பு டயலைப் பொருத்தி இணையத்தில் விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஆனால் தினமும் சாவி கொடுப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. காலையில் அரை நிமிட வேலை. முறுக்கு நிறைந்ததும் விரலுக்கே தெரியும், அதற்கு மேல் திருகக் கூடாது. அந்த அரை நிமிடத்தில் பொருளின் நலம் நமக்குத் தெரிந்துவிடுகிறது: சாவி வழக்கத்தைவிடக் கடினமாகச் சுற்றுகிறதா, நேற்றைவிட நேரம் பிந்துகிறதா என்று. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் இலையையும் பார்த்துவிடுவது போலத்தான். கவனிப்பைக் கேட்கும் பொருளோடுதான் நமக்கு உறவு நீடிக்கிறது. கேட்காத பொருளை நின்ற அன்றே மறந்துவிடுகிறோம்.

எனவே புதிதாக வாங்க நினைப்பவரைவிட, ஏற்கனவே வைத்திருப்பவரிடம்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. உங்கள் வீட்டுப் பீரோவில் அப்பாவின் ஜனதாவோ அம்மாவின் சிறிய எச்.எம்.டி.யோ நின்றுபோய்க் கிடந்தால், அதை வெளியே எடுங்கள். எண்ணெய் காய்ந்திருக்கும்; அதனால் வேகமாகச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் பகுதியில் லூப் போட்டு உட்கார்ந்திருக்கும் மூத்த ரிப்பேர்காரர் யாரென்று விசாரித்து, அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய டயலை மாற்ற வேண்டாம், கழுவி எண்ணெய் விட்டால் போதும் என்று சொல்லுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பத்துக் கோடி வாட்சுகளைச் செய்த ஆலைகளை நம்மால் திறக்க முடியாது. அவற்றைப் பழுது பார்க்கும் கைத்தொழிலை வாழவைப்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.