தீர்ப்புக்குப் பின்னும் எஞ்சிய வினா: டோனி மாரிசனின் வரலாற்று நோக்கு

1856ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பனியில் உறைந்து கிடந்த ஒகையோ ஆற்றைக் கடந்து, கென்டக்கி மாநிலத்திலிருந்து சின்சினாட்டிக்குக் குடும்பத்துடன் தப்பி வந்தார் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப்பெண். துரத்தி வந்தோர் புகலிடத்தைச் சூழ்ந்தபோது, அடிமைத்தளைக்குத் திரும்பலாகாது எனத் தம் இரண்டு வயது மகளைத் தம் கையாலேயே கொன்றார்.

இவ்வழக்கில் ஒரு முரண் உண்டு. கொலைக்குற்றத்திற்காக அவரை விசாரிக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அடிமை ஒழிப்பு இயக்கத்தாரே. குற்றவாளிக் கூண்டில் நின்றால் சட்டத்தின்முன் அவர் மனிதப்பிறவி ஆவார். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டமோ அவரை உடைமையாகவே கண்டது, உடையவனிடமே ஒப்படைத்தது. 1858இல் அவர் மறைந்தார்.

இச்செய்தி, டோனி மாரிசன் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய 'தி பிளாக் புக்' (1974) என்னும் ஆவணத் தொகுப்பில் இடம்பெற்றது. 1931இல் ஒகையோவின் லொரெய்ன் நகரில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் மாரிசன். நீலக் கண்களுக்கு ஏங்கும் கறுப்பினச் சிறுமியைப் பற்றிய 'தி புளூயஸ்ட் ஐ' (1970) அவருடைய முதல் நாவல். அது வெளிவந்தபோது அவருக்கு வயது 39.

செய்தித்தாள் நறுக்கு, 1987இல் 'பிலவ்டு' நாவலாயிற்று. கார்னரின் வாழ்வை மாரிசன் மேலும் துருவி ஆராயவில்லை, வேண்டுமென்றே தவிர்த்தார். முடிவையும் மாற்றினார். அவர் படைத்த செத்தி என்னும் தாய் அடிமைத்தளைக்குத் திருப்பி அனுப்பப்படவில்லை, விடுதலையிலேயே வாழ்கிறாள். ஆயின் மாண்ட மகள் இளம்பெண் உருவில் அவள் வீடு தேடி வருகிறாள்.

இம்மாற்றம் வரலாற்றைத் திரித்தல் ஆகுமா? ஆகாது என்பதே என் துணிபு. நீதிமன்றம் ஆராய்ந்தது உடையவனின் உரிமையை. தாய்க்கு அவ்வுரிமை உண்டா என்னும் வினா அங்கே எழவேயில்லை. அவ்வினாவைத் தொடுக்கும் தகுதி இறந்த குழந்தை ஒன்றுக்கே உண்டு. ஏடுகள் குழந்தையைப் பேசவிடா, புனைவு பேசவிட்டது.

'ஜாஸ்' (1992) நாவலும் இவ்வழியில் பிறந்ததே. ஹார்லெமில் ஜேம்ஸ் வான் டெர் சீ எடுத்த, இறந்துபோன இளம்பெண்ணின் ஒளிப்படமே அதன் வித்து.

மாரிசனுக்கு உரிய ஏற்பு வழங்கப்படவில்லை என்று 1988 சனவரியில் கறுப்பின எழுத்தாளரும் திறனாய்வாளருமாக 48 பேர் கையொப்பமிட்டு அறிக்கை விடுத்தனர். அவ்வாண்டே 'பிலவ்டு' புலிட்சர் பரிசு பெற்றது. 1993இல் இலக்கிய நோபெல் பரிசும் அவரை நாடி வந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. 2019இல் மறைந்தார்.

ஆவணம் முடியும் இடத்தில் வரலாற்றாசிரியர் நின்றுவிடுகிறார். நிற்பதே அவருடைய அறம். அவ்விடத்திலிருந்து நடக்கத் தொடங்குவது படைப்பாளியின் அறம் என்பதற்கு மாரிசனின் படைப்புகளே சான்று.