1913 எப்சம் டெர்பி தகுதிநீக்கம்

1913 ஆம் ஆண்டு சூன் 4 அன்று இங்கிலாந்தின் எப்சம் திடலில் நடந்த டெர்பி குதிரைப் பந்தயம், பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசனின் மரணத்தால் உலக வரலாற்றில் இடம்பெற்றது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் ஆன்மர் என்ற குதிரை பாய்ந்து வந்தபோது அவர் ஓடுபாதையில் இறங்கினார். அடிபட்டு விழுந்தவர் சூன் 8 அன்று உயிரிழந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. அந்தப் பந்தயத்தில் உண்மையில் வென்றது எந்தக் குதிரை என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. அது இன்னும் ஓயவில்லை.

அன்று ஓடிய 15 குதிரைகளுள் பந்தயக்காரர்கள் பெரிதும் நம்பியது கிராகனூரை. அதன் பந்தய விகிதம் 6க்கு 4. அதாவது 4 பவுண்டு கட்டினால் 6 பவுண்டு ஆதாயம். அபோயர் என்ற குதிரைக்கோ 100க்கு 1. ஒரு பவுண்டுக்கு நூறு பவுண்டு தருவதாகத் தரகர்கள் சொன்னால், அது வெல்லும் என்று எவரும் எண்ணவில்லை என்றே பொருள். (அபோயர் என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் 'குரைப்பவன்' என்று பொருள்.)

கடைசிக் கட்டத்தில் இவ்விரு குதிரைகளும் ஒன்றோடொன்று உரசியும் இடித்தும் ஓடின. கிராகனூர் ஒரு தலை அளவு முந்தியதாக, எல்லைக்கோட்டில் இருந்த நடுவர் அறிவித்தார். உரிமையாளர் பவர் இஸ்மே தம் குதிரையைப் பெருமையுடன் நடத்தி வந்தார். தோற்ற அபோயரின் தரப்பில் எவரும் முறையிடவில்லை. பந்தயத்தை மேற்பார்வையிடும் ஸ்டூவர்டுகளே ஆட்சேபம் எழுப்பினர். அந்த ஆட்சேபத்தை விசாரித்துத் தீர்ப்பளித்தவர்களும் அவர்களே. கிராகனூர் நேர்க்கோட்டில் ஓடாமல் பிற குதிரைகளுக்கு இடையூறு செய்தது என்று கூறி அதைத் தகுதிநீக்கம் செய்தனர். முதற்பரிசு அபோயருக்குச் சென்றது.

எதிர்பாராத குதிரை வென்றால் 'ஏதோ சூது நடந்திருக்கிறது' என்று பேசுவது பந்தயத் திடல்களின் வழக்கம். அத்தகைய பேச்சுக்கு முன்னுதாரணமும் உண்டு. 1844 டெர்பியில் முதலாவதாக வந்த ரன்னிங் ரெயின், மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில் ஆள்மாறாட்டமாக ஓடிய மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. வழக்கு நீதிமன்றம் வரை சென்று, பரிசு ஆர்லண்டோவுக்கு மாறியது. 1913இல் அப்படி எதுவும் நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை. அபோயரின் உரிமையாளர் மீதோ அதை ஓட்டிய எட்வின் பைப்பர் மீதோ ஐயம் கொள்ளக் காரணமும் இல்லை. இங்கே கேள்விக்கு உள்ளாக வேண்டியது விசாரணைதான்.

ஸ்டூவர்டுகள் மூவருள் முன்னாள் பிரதமர் ரோஸ்பெரி பிரபு, தம் குதிரையும் ஓடியதால் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். அது முறையான செயல். எஞ்சிய இருவருள் ஒருவரான யூஸ்டஸ் லோடர், கிராகனூரைத் தம் பண்ணையில் பிறப்பித்து விற்றவர். அவர் விலகவில்லை. இஸ்மே மீது அவருக்குத் தனிப்பட்ட வெறுப்பு இருந்தது என்று பின்னாளில் சிலர் எழுதினர். இஸ்மே, டைட்டானிக் கப்பல் நிறுவனத் தலைவர் புரூஸ் இஸ்மேயின் தம்பி. கப்பல் மூழ்கி ஓராண்டே ஆகியிருந்ததால் அப்பெயர் மீது பொதுமக்களுக்கும் கசப்பு இருந்தது. இவற்றைத் தீர்ப்பின் காரணமாக நிறுவ முடியாது. ஆயினும் குதிரையோடு தொடர்புடைய ஒருவர் தீர்ப்பு சொல்ல அமர்ந்ததே போதிய குறை. கிராகனூர் இடித்தது பொய்யன்று, அபோயரும்தான் இடித்தது. ஒன்றை மட்டும் தண்டித்தது எப்படி நியாயமாகும் என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

மனிதக் கண்ணை மட்டும் நம்பிய காலம் அது. டே காமெட் என்ற குதிரை மூன்றாவதாக எல்லைக்கோட்டைத் தொட்டதை ஒளிப்படங்கள் காட்டுகின்றன. நடுவரின் கண்ணில் அது படவே இல்லை. முதல் மூன்று இடங்களில் அதன் பெயர் வரவில்லை. தகுதிநீக்கத்துக்குப் பின் இரண்டாம் இடம் லூவாவுக்கும் மூன்றாம் இடம் கிரேட் ஸ்போர்ட்டுக்கும் தரப்பட்டன. சில வாரங்களுக்கு முன் நடந்த 2000 கினி பந்தயத்திலும் கிராகனூரே வென்றதாகப் பார்வையாளர் பலர் கருதியிருக்க, வெற்றி லூவாவுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. டெர்பியின் வெற்றியாளரை ஒளிப்படம் கொண்டு முதன்முதலில் தீர்மானித்தது 1949இல், நிம்பஸ் வென்றபோது.

கிராகனூர் அதன் பின் ஓடவில்லை. அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டு, அங்கே இனவிருத்திக் குதிரையாகப் பெயர் பெற்றது. அபோயர் அதன் பின் எந்தப் பந்தயத்திலும் வெல்லாமல் ரஷ்யாவுக்கு விற்கப்பட்டது. 1917 புரட்சிக் குழப்பத்தில் அது என்னவாயிற்று என்ற தடயம் இல்லை.