மரத்தடியில் வளர்ந்த வியாபாரம்

இம்மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, சோழர் காலத்து வணிகக் குழுக்களைப் பற்றி எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். 1972-ல் வி.டி. ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவன் நான். ஐம்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்ட ஊரின் கதை ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றியது. அதற்குக் காரணம் என் மகன்.

அவன் சிறிய அளவில் அட்டைப்பெட்டி தயாரிக்கிறான். போன வருஷம் கோரேகாவில் நடந்த ஒரு வர்த்தகக் கண்காட்சியில் மூன்று நாள் ஸ்டால் போட்டான். கையில் எண்பத்திரண்டு விசிட்டிங் கார்டுகளுடன் திரும்பி வந்தான். அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி மெயில் அனுப்பினான். பதில் போட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தன் சரக்கை இவன் தலையில் கட்டப் பார்த்தவர். "இதெல்லாம் வேஸ்ட்டுப்பா. ஸ்டால் வாடகைக்கு ஒரு மெஷினே வாங்கியிருக்கலாம்" என்றான். அவனுக்கு அன்று ராத்திரி சொன்ன கதைதான் இது.

ஹார்னிமன் சர்க்கிள் எதிரே பெரிய படிக்கட்டுகளோடு நிற்கும் டவுன் ஹாலை நம்மில் எல்லோரும் பார்த்திருப்போம். 1850-களில் அதன் முன்னாலிருந்த ஆலமரத்தடியில் சில பங்குத் தரகர்கள் தினமும் கூடினார்கள். கட்டடம் கிடையாது, சட்டதிட்டம் கிடையாது. இன்றைக்கு வாங்குகிறேன் என்று வாயால் சொன்னவன் நாளைக்கும் அதே மரத்தடிக்கு வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் உத்தரவாதம்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போவது நின்றதும், பம்பாய்ப் பஞ்சுக்கு வந்த விலையைக் கேட்க வேண்டுமா! பணம் கொட்டியது. அறுபது பேராக இருந்த தரகர்கள் இரண்டே வருஷத்தில் இருநூறைத் தாண்டினார்கள். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகரின் பெயரைச் சொன்னாலே வங்கிகள் கடன் கொடுத்த காலம். கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட பேக் பே கம்பெனியின் பங்கு ஆகாயத்துக்குப் போயிற்று. 1865-ல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. அந்த வருஷம் ஜூலை 1-ந் தேதி தவணை முடியும் ஒப்பந்தங்கள் மலைபோல் இருந்தன. கொடுக்க யாரிடமும் பணமில்லை. பிரேம்சந்த் உட்படப் பெரிய தலைகள் விழுந்தன. பாங்க் ஆஃப் பாம்பேயும் பிறகு மூடப்பட்டது.

என் கணக்கில் இங்கேதான் விஷயமே இருக்கிறது. கூட்டம் இருநூறைத் தாண்டியபோது பக்கத்தில் நிற்பவன் யார், அவன் வாக்கு எத்தனை ரூபாய் தாங்கும் என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? என் மகனின் எண்பத்திரண்டு கார்டுகளும் கிட்டத்தட்ட அந்தக் கூட்டம்தான்.

விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் ஊரை விட்டு ஓடவில்லை. மரம் மரமாக இடம் மாறியவர்கள் 1874-ல் ஒரு தெருவைப் பிடித்தார்கள். இன்றைய தலால் தெரு அதுதான். 1875-ல் முறையாகச் சங்கம் அமைத்தபோது உறுப்பினர்கள் 318 பேர், நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். 1887-ல் எழுதிய பத்திரத்தில் தரகர்களின் நற்பெயரைக் காப்பதையும் சங்கத்தின் நோக்கமாக வைத்தார்கள். சூடுபட்ட பூனைகள் அல்லவா!

மரத்தடி என்றதும் இன்னொரு மரம் ஞாபகம் வருகிறது. தவர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி கோல்கொண்டா வைரச் சுரங்கங்களைப் பார்த்து எழுதிய பிரயாண நூல் 1676-ல் வெளியாயிற்று. சுரங்க ஊர் ஒன்றில் வியாபாரிகளின் பிள்ளைகள், பத்து முதல் பதினாறு வயசுக்காரர்கள், காலையில் ஒரு பெரிய மரத்தடியில் வந்து உட்காருவார்களாம். இடுப்பில் ஒரு பக்கம் எடைக்கற்கள், மறுபக்கம் பொன் வராகன். யாராவது கல் கொண்டு வந்தால் முதலில் மூத்த பையன் பார்ப்பான். பிறகு பேச்சில்லாமல் கைமாறிக் கைமாறி எல்லோரும் பார்ப்பார்கள். சாயங்காலம் லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள், மூத்தவனுக்கு மட்டும் கால் சதவிகிதம் கூடுதல். பெரியவர்கள் துணிக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசியதையும் அவர் எழுதியிருக்கிறார். முழுக்கையைப் பிடித்தால் ஆயிரம், ஒரு விரல் என்றால் நூறு. நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டுப் பேசும் தரகரைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. பத்து வயசில் அந்த மரத்தடியில் உட்கார்ந்த பையன், முப்பது வயசில் யாரை நம்பலாம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

இனி என் சொந்தக் கதை. நான் கோட்டைப் பகுதியில் ஒரு பங்குத் தரகர் ஆபீஸில் ஸ்டெனோ. சேட் குஜராத்திக்காரர். எக்ஸ்சேஞ்சின் ரிங்கில் அன்று ஒரே கூச்சல்தான். உள்ளங்கை தன் பக்கம் திரும்பியிருந்தால் வாங்குகிறான், வெளிப்பக்கம் என்றால் விற்கிறான். சின்ன நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொள்வார்கள். லட்ச ரூபாய் சவுதாவுக்கும் அதுதான் சாட்சி. ஒருநாள் சேட், "பாபு, உனக்கும் பேட்ஜ் வாங்கித் தரட்டுமா? உள்ளே வா, நாலு பேரைப் பழகிக்கோ" என்றார். "நமக்கு எதுக்கு சேட்ஜி அந்தச் சத்தமெல்லாம்" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். மாதுங்காவிலிருந்து என்னோடு ரயிலில் வந்த பலரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். இங்கிலீஷ் வரும், கணக்கு வரும், ஃபைல் சுத்தமாக இருக்கும். ஆனால் டிபன் டப்பாவை நம்மவர்களோடு மட்டுமே திறப்போம். நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பழகியவனுக்கு மட்டும் என்ற ஏற்பாட்டில் புதிதாக வருகிறவன் வாசலில்தான் நிற்பான். பெண்களுக்கோ அந்தக் கூட்டத்தில் இடமே இல்லாதது போலத்தான் இருந்தது. 1994-ல் தேசியப் பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரையில் வியாபாரத்தைத் தொடங்கியது. 1995-ல் பம்பாய் எக்ஸ்சேஞ்சும் மாறியது, ரிங் ஓய்ந்தது. முகம் தெரியாதவனும் நியாயமான விலைக்கு வாங்க முடிந்தது. நல்லதுதான். பங்குக்கு அது போதும், ஏனென்றால் ஒரு பங்கு மற்றொன்றைப் போலவே இருக்கும். வைரமும் அட்டைப்பெட்டியும் அப்படியல்ல. ஆபரா ஹவுஸ் பக்கம் நடைபாதையில் காகித மடிப்பைப் பிரித்துக் கல் காட்டியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2010-ல் பாந்த்ராவில் பிரம்மாண்டமான வைரச் சந்தைக் கட்டடம் திறந்த பிறகும் அவர்கள் நேரில் உட்கார்ந்து கல்லைப் பார்ப்பதை விடவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மகன், "அப்பா, நீங்க உள்ள போகாம என்னை மட்டும் போகச் சொல்றீங்களே" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் மறுநாள் அந்தக் கார்டுகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்தான். முகம் ஞாபகமிருந்தவை ஏழு. அதில் பிவண்டிக்காரர் ஒருவர், தன் பெட்டிகள் மழையில் நமத்துப் போவதாகக் குறைப்பட்டாராம். போன ஜூலையில் கொட்டும் மழையில் அவருடைய கிடங்குக்குப் போனான். நானும் கூடப் போனேன். பெட்டியில் குறையில்லை, அடுக்கிய தரைதான் ஈரம் என்று கண்டுபிடித்துச் சொன்னான், அடியில் மரப்பலகை போடச் சொன்னான். ஆர்டர் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு கட்டிங் சாய் கொடுத்தார். கிளம்பும்போது, தீபாவளிக்கு முன்னால் இன்னொரு தடவை வந்து பார்க்கும்படி சொன்னார்.