விளையாட்டுப் பெட்டியின் வன்தட்டு யாருக்குச் சொந்தம்?

2001 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான எக்ஸ்பாக்ஸில் 8 ஜிபி வன்தட்டு இருந்தது. கணினிகளில் இருக்கும் சாதாரண வகைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குக் கடவுச்சொல் பூட்டுப் போட்டிருந்தது. திறவுகோல் அதே பெட்டியின் மதர்போர்டில் இருந்தது. வேறு வன்தட்டைப் பொருத்தினால் பெட்டி இயங்காது. ஆர்வலர்கள் சும்மா இருப்பார்களா? பூட்டைத் திறந்து பெரிய வன்தட்டுகளைப் பொருத்தினார்கள். அப்படி மாற்றிய பெட்டிகள் எக்ஸ்பாக்ஸ் லைவ் இணையச் சேவையில் சிக்கினால் தடைதான்.

2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ல் 20 ஜிபி வன்தட்டைக் கையாலேயே கழற்றலாம். ஆனால் அதற்கென்றே தனி உறையில் விற்றதைத்தான் வாங்க வேண்டும்.

2006 நவம்பரில் சோனி வேறு வழியில் போனது. பிளேஸ்டேஷன் 3 வந்தது 20, 60 ஜிபி அளவுகளில். இடம் போதாவிட்டால் பக்கவாட்டு மூடியைத் திறந்து, கடைகளில் கிடைக்கும் மடிக்கணினிக்கான 2.5 அங்குல சாட்டா வன்தட்டைப் பொருத்திக்கொள்ளலாம். கையேட்டிலேயே செய்முறை இருந்தது. புதிய வன்தட்டை ஃபார்மேட் செய்தாக வேண்டும். சேமித்த ஆட்டங்களை முன்பே நகலெடுக்காவிட்டால் போனது போனதுதான். அதில் லினக்ஸ்கூட நிறுவ முடிந்தது.

ஆனால் 2010 ஏப்ரல் 1 அன்று வந்த மென்பொருள் மேம்பாடு லினக்ஸ் வசதியை நீக்கிவிட்டது. வன்தட்டு வாங்கியவருடையது, அதில் எது ஓடலாம் என்ற முடிவு மட்டும் நிறுவனத்துடையது.

2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ம் இதையே காட்டியது. கூடுதல் எஸ்எஸ்டிக்கான இடம் பெட்டிக்குள் முதல் நாளே இருந்தது. அது வேலை செய்யத் தொடங்கியதோ 2021 செப்டம்பரில் வந்த மேம்பாட்டுக்குப் பிறகுதான். திருகாணியைக் கழற்றுவது எளிது; அனுமதி கிடைப்பதுதான் கடினம்.