12 மரச் சிப்பாய்கள் பெற்ற நாவல்

1826 ஜூன் மாதம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஹாவர்த் என்ற சிற்றூர். பாதிரியார் பேட்ரிக் பிராண்டே லீட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது, மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். மொத்தம் 12. விடிந்ததும் பையன் பெட்டியோடு சகோதரிகளின் அறை வாசலுக்கு ஓடினான். பத்து வயது சார்லட் கட்டிலிலிருந்து குதித்து, இருப்பதிலேயே அழகான சிப்பாயை எடுத்துக்கொண்டு, இவன்தான் வெலிங்டன் பிரபு என்று சொல்லிவிட்டாள். பிரான்வெல் சும்மா விடுவானா? அவன் எடுத்தது நெப்போலியன். எமிலியின் சிப்பாய்க்கு முகம் உம்மென்று இருந்தது. அதற்கேற்ப ஒரு பேர். கடைக்குட்டி ஆனுக்கு ஒரு பொடியன். சார்லட் இதையெல்லாம் 1829இல் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறாள்.

கனடா எழுத்தாளர் லீனா கோக்லி 2016இல் வெளியிட்ட ‘வர்ல்ட்ஸ் ஆஃப் இங்க் அண்ட் ஷேடோ’ என்ற இளையோர் நாவல் பிறந்தது அந்தப் பெட்டியிலிருந்துதான். பிராண்டே பிள்ளைகளின் பதின்ம வயதைக் கற்பனையாகச் சொல்கிற கதை அது. ஆனால் ஒரு சங்கடம்: அந்தப் பிள்ளைகளே கற்பனையில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அவர்களை வைத்துக் கதை பண்ணுகிறவர் அவர்களோடுதான் போட்டிபோட வேண்டும்.

பிள்ளைகளின் கற்பனையில் சிப்பாய்களுக்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நகரம் எழும்பியது, கண்ணாடி நகரம் என்று. அதுவே வளர்ந்து வெர்டோபோலிஸ் ஆனது. அதை ஆண்டவை நான்கு பூதங்கள். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ படித்த தெம்பில் பிள்ளைகள் தங்களுக்கே கொடுத்துக்கொண்ட பதவி அது. செத்த சிப்பாயைப் பிழைக்க வைக்கும் அதிகாரம் அந்தப் பூதங்களுக்கு உண்டு. இதை விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாய் 1821இல் இறந்திருந்தாள். மூத்த பெண்கள் மரியாவும் எலிசபெத்தும் விடுதிப் பள்ளியிலிருந்து காசநோயோடு திரும்பி, 1825இல் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு மறுவருஷம் வந்தவைதான் இந்தப் பூதங்கள்.

சிப்பாய்கள் படிக்கப் புத்தகம் வேண்டாமா? சர்க்கரை சுற்றிவந்த காகிதம், சுவரொட்டுத் தாளின் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் வெட்டித் தைத்து, தீப்பெட்டி அளவில் பத்திரிகைகள் செய்தார்கள். எழுத்து அச்செழுத்துப்போல, கண்ணைச் சுருக்கினாலும் பிடிபடாத பொடி. பெரியவர்கள் படிக்க முடியாது என்பது கூடுதல் சௌகரியம். கதை, கவிதை, விளம்பரம்கூட உண்டு. பத்திரிகையைத் தொடங்கியது பிரான்வெல். 1829லேயே ஆசிரியர் நாற்காலி சார்லட்டிடம் வந்துவிட்டது. அதில் ஒரு இதழை 2019இல் பாரிஸ் ஏலத்தில் 6 லட்சம் யூரோவுக்கு ஹாவர்த் அருங்காட்சியகத்துக்காக எடுத்தார்கள்.

1834 வாக்கில் ஆங்க்ரியா என்ற புது ராஜ்யம். அதன் ராஜா ஜமோர்னா, பெண்களைக் கிறங்கடிக்கிற, நம்பத் தகாத அழகன். அவனை எதிர்க்கும் வில்லன் பிரான்வெல்லின் செல்லம். ரோ ஹெட் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, மாணவிகள் எதிரே உட்கார்ந்திருக்க, சார்லட்டின் மனம் ஆங்க்ரியாவில் அலைந்தது. குறுக்கே கேள்வி கேட்ட பிள்ளைகள்மீது அவளுக்கு எரிச்சல் வந்ததை அவளுடைய குறிப்புகளே சொல்கின்றன. அந்தக் கற்பனை உலகம் தன்னை விழுங்குகிறது என்ற பயமும் அவளுக்கு இருந்தது. 1839 வாக்கில் ஆங்க்ரியாவுக்கு விடை சொல்லி ஒரு பக்கம் எழுதினாள்.

கோக்லி கைவைத்தது இந்தப் பயத்தில்தான். அவருடைய நாவலில் சார்லட்டும் பிரான்வெல்லும் எழுதிய உலகத்துக்குள்ளே நிஜமாகவே போய்வருகிறார்கள். போய்வருவதற்கு ஒரு விலை இருக்கிறது. நிறுத்திக்கொள்ளலாம் என்றால், படைத்த ஜமோர்னாவும் வில்லனும் விட மறுக்கிறார்கள். மந்திரம் கோக்லியுடையது. விலை கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற கவலை சார்லட்டுடையது. இந்தப் பாகுபாடு தெளிவாக இருப்பதால்தான் நாவல் நிற்கிறது என்பேன். புகழ்பெற்றவர்களின் இளமையில் காதலையும் கொலையையும் திணித்து ஒப்பேற்றும் நாவல்கள் வேறு ரகம்.

எமிலியையும் ஆனையும் வைத்து இப்படிக் கதை பண்ணுவது கோக்லிக்குச் சுலபமில்லை. சார்லட் 1831இல் பள்ளிக்குப் போனதும் தங்கைகள் இருவரும் பிரிந்து, கோண்டால் என்ற தனி நாட்டை உண்டாக்கிக்கொண்டார்கள். அதன் உரைநடைக் கதைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கவிதைகளும், பிறந்தநாள் சமயத்தில் எழுதி மடித்துவைத்த சில காகிதங்களும்தான் இருக்கின்றன. சான்று மெலிந்த இந்த இடத்தில் நாவலாசிரியருக்குத் தடையும் இல்லை, துணையும் இல்லை.

சார்லட்டின் பக்கம் அப்படியில்லை, சான்று குவிந்து கிடக்கிறது. ஜமோர்னாவைத் தெரிந்துகொண்டு, சார்லட் பின்னாளில் எழுதிய ‘ஜேன் ஐர்’ நாவலை எடுப்பவர்களுக்கு அதன் நாயகன் ரோசெஸ்டர் அறிமுகமான ஆளாகவே வருவார்: அதே மிடுக்கு, அதே மறைத்துவைத்த பழைய கணக்குகள். ஆனால் இந்த முறை எதிரே நிற்கிற பெண் கிறங்கவில்லை, கேள்வி கேட்கிறாள்.