வயதுவந்தோர் திருமுழுக்கு: மட்டக்களப்பு வாவிப் பகுதி

குழந்தைப் பருவம் கடந்த ஒருவர் தாமே கேட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேரும் முறை. இலங்கைத் தமிழர் பேச்சில் கிறிஸ்தவம் ‘வேதம்’. அதில் சேர்வோர் ‘வேதத்துக்கு மாறினவர்’. ஞானஸ்நானம் என்ற பழைய சொல் மறையவில்லை. வழிபாட்டு நூல்களில் திருமுழுக்கு என்று வழங்குகிறது.

மன்னாரில் 1544 அளவிலேயே ஊர் திரண்டு ஞானஸ்நானம் பெற்றது. மட்டக்களப்பின் கதை வேறு. போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். திரளான மதமாற்றம் வேர்விட அந்தப் பத்து ஆண்டுகள் போதவில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். 1687இல் யாழ்ப்பாணத்தில் மாறுவேடத்தில் கரையிறங்கிய கோவாக் குரு ஜோசப் வாஸ், 1711இல் கண்டியில் இறக்கும்வரை சிதறிக்கிடந்த கத்தோலிக்கரைத் தேடித் திரிந்தார். அவர் அமைத்த ஏற்பாட்டில், குரு இல்லாத ஊரில் செபம் சொல்லிக்கொடுத்தவர் அண்ணாவியார். மட்டக்களப்பில் அண்ணாவியார் என்றதும் கூத்து ஆசானே நினைவுக்கு வருவார். வாய்மொழியாகக் கற்பித்து, மனப்பாடமாக வாங்கும் பணி இருவருக்கும் பொது. புதிதாக வருபவரைச் சபைக்குப் பழக்கும் வேலை சாதாரண விசுவாசியின் கையில் இருந்தது என்பதே இதில் முக்கியம்.

பிரித்தானியர் 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினர். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. 1895 முதல் பிரெஞ்சு இயேசு சபையினர் அதைப் பொறுப்பேற்றனர். அவர்களுடைய செல்வாக்கு பள்ளிக்கூடம் வழியாகவே பரவியது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போனவரெல்லாம் வேதத்துக்கு மாறவில்லை. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, அங்கேயே கற்பித்தும் வந்த காரைதீவு மயில்வாகனம், பின்னர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி விபுலாநந்த அடிகளானார். அந்தக் கல்லூரியின் பெருமைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய முறைக்கு அடித்தளம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். ஆதித் திருச்சபையில் மூன்று ஆண்டுவரை நீண்ட, திருமுழுக்குக்கு ஆயத்தப்படுத்தும் புகுமுகநிலையை அது 1963இல் மீட்டெடுத்தது. அதற்கான சடங்குநூல் 1972இல் வெளியானது. முதலில் விசாரித்தறியும் காலம், பின் மறைக்கல்வி. அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கு மேலும் நீளும். தவக்காலத்தின் முதல் ஞாயிறு தெரிந்துகொள்ளப்படும் சடங்கு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர் ஆகியோரைப் பற்றிய நற்செய்திகள் வாசிக்கப்பட்டு, திருமுழுக்கு வேண்டுவோருக்காகச் சபை மன்றாடுகிறது. வேறு கிறிஸ்தவ சபையில், உதாரணமாக மெதடிஸ்த சபையில், முறைப்படி திருமுழுக்குப் பெற்றவருக்கு மீண்டும் அது கொடுக்கப்படுவதில்லை. விசுவாச அறிக்கை செய்து உறுதிப்பூசுதல் பெறுவார்.

கலியாணத்தை முன்னிட்டு வருவோர் உண்டு. ஆனால் கத்தோலிக்கரை மணக்க மதம் மாறியே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. அனுமதி பெற்றுச் சைவராகவே இருந்து மணக்கலாம். இது ஊரில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி. மனம் ஒப்பாத திருமுழுக்கு யாருக்கும் நன்மையன்று. மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழி வருகிறது. கோயில் உரிமைகளும் வரிசைகளும் குடிக்குக் குடி வகுக்கப்பட்டவை. சைவக் குடும்பத்திலிருந்து வருபவர் கோயில் முற்றத்தில் தமக்கிருந்த இடத்தையும் விட்டு வருகிறார். அந்த இழப்பை மறைக்கல்வி கொடுப்பவர் இலேசாகக் கடந்துவிடக் கூடாது.

விரும்பிய மதத்தை ஏற்கும் உரிமையை 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உறுதிசெய்கிறது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க 2004இல் கொண்டுவரப்பட்ட சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியது.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும் இச்சடங்குக்கு உரிய இரவு பாஸ்கா திருவிழிப்பே. வெளியே புதுத் தீ மந்திரிக்கப்பட்டு, பாஸ்கா திரி இருண்ட கோயிலுக்குள் வருகிறது. புனிதர் மன்றாட்டுமாலை பாடப்படும்போது ஞானப்பெற்றோர் வேண்டுபவரின் அருகில் நிற்பர். அலகையை விட்டுவிடுகிறீரா என்று குரு கேட்க, அவர் தம் வாயாலேயே மறுமொழி சொல்வார். குழந்தைக்குப்போல் இன்னொருவர் சொல்ல முடியாது. தண்ணீர், வெள்ளாடை, எரியும் மெழுகுதிரி, கிறிஸ்மா எண்ணெய், பிறகு முதல் நற்கருணை. எல்லாம் அதே இரவில்.