விருந்தில் குழந்தை எங்கே?

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் எம் பங்கைச் சேர்ந்த இளம் தம்பதியர் என்னைக் காண வந்தனர். கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். இருபது நாள் விடுப்பில் வந்திருந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். தம் பெண்குழந்தையின் முதலாம் பிறந்தநாள் ஏற்பாடுகளை அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்: திருமண மண்டபம், முந்நூறு பேருக்குப் பிரியாணி, மூன்றடுக்குக் கேக், ஒலிபெருக்கி, பலூன் வளைவு, வீடியோ. பன்னிரண்டாவது வரியில், ‘காலையில் ஞானஸ்நானம்’ என்றிருந்தது. குழந்தை பிறந்த நாளிலிருந்து தள்ளிப் போடப்பட்டு வந்த திருமுழுக்கு அது.

“ரெண்டையும் ஒரே நாள்ல வச்சா செலவு ஒண்ணோட போயிரும், ஃபாதர்” என்றார் தந்தை.

குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை எனத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 867-ஆம் எண் கூறுகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இதே பொருள் குறித்து முன்னொரு முறை நான் அவசரப்பட்டுப் பேசியது நினைவுக்கு வந்து என்னைத் தடுத்தது.

குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு கடற்கரைப் பங்கில், பிறந்தநாள் கேளிக்கைகளைக் கண்டித்து மறையுரை ஆற்றினேன். குருமடத்தில் கற்ற ஒரிஜன் அப்போது என் நாவில் இருந்தார். மூன்றாம் நூற்றாண்டில் பாலஸ்தீனச் செசரியாவில் போதித்த அப்பேரறிஞர், லேவியர் நூல் பற்றிய தம் எட்டாம் மறையுரையில், புனிதர் எவரும் தம் பிறந்தநாளில் விருந்து வைத்ததாக மறைநூலில் இல்லை என்கிறார். விருந்து வைத்தவர்கள் இருவர். ஒருவன் பார்வோன், அன்று அவன் தன் அப்பப் பணியாளர் தலைவனைக் கழுவிலேற்றினான் (தொநூ 40:20-22). மற்றவன் ஏரோது, அன்று அவன் திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டுவித்தான் (மாற் 6:21-28). எரேமியாவோ தாம் பிறந்த நாளைச் சபித்தார் (எரே 20:14). யோபும் அவ்வாறே செய்தார் (யோபு 3). இப்பட்டியலில் மக்கபேயர் காலத்து யூதர்களையும் சேர்க்கலாம். மன்னனின் பிறந்தநாள் மாதந்தோறும் கொண்டாடப்பட்டபோது, அந்தப் பலியுணவை உண்ணுமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டார்கள் (2 மக் 6:7).

ஒரிஜனுக்கு இக்கடுமை எங்கிருந்து வந்தது என்பதை அன்று நான் சிந்திக்கவில்லை. அவர் காலத்தில் பிறந்தநாள் என்றாலே முதலில் நினைவுக்கு வந்தது பேரரசரின் பிறந்தநாள். அன்று தூபமிட மறுத்தவர்களுக்கு என்ன நேரும் என்பதைத் தம் சொந்தத் தந்தையை மறைசாட்சியாக இழந்த ஒரிஜனுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் திருச்சபை ‘பிறந்தநாள்’ என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிடவில்லை, அதைக் கைப்பற்றிக்கொண்டது. ஏறத்தாழ கி.பி. 155-இல் சிமிர்னா நகரில் எரிக்கப்பட்ட ஆயர் புனித பொலிக்கார்ப்பின் சபையார், அவர் இறந்த நாளையே ‘பிறந்தநாள்’ என்று அழைத்து, ஆண்டுதோறும் அவர் எலும்புகள் வைக்கப்பட்ட இடத்தில் கூடப்போவதாக எழுதினார்கள். கி.பி. 354-ஆம் ஆண்டின் உரோமை நாள்காட்டித் தொகுப்பை எண்ணும்போது எனக்கு எப்போதும் வியப்புண்டு. பேரரசர்களின் பிறந்தநாள் பட்டியலும், மறைசாட்சிகள் அடக்கம் செய்யப்பட்ட நாள்களின் பட்டியலும் அந்த ஒரே தொகுப்பில் இருக்கின்றன. அப்பட்டியலின் தலைப்பில்தான் டிசம்பர் 25 ஆண்டவர் பிறந்த நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. இன்றுவரை நம் வழிபாட்டு நாள்காட்டி மண்ணில் பிறந்த நாளைச் சிறப்பிப்பது மூவருக்கு மட்டுமே: ஆண்டவருக்கு, அன்னை மரியாவுக்கு, திருமுழுக்கு யோவானுக்கு.

இவற்றையெல்லாம் அந்த மறையுரையில் கொட்டித் தீர்த்தேன். திருப்பலி முடிந்ததும் சக்ரிஸ்து அறை வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். இடுப்பில் ஒரு பையன். “சாமி, இவனுக்கு முந்தி ரெண்டு பேரு. ஒண்ணு நாப்பது நாளு, ஒண்ணு ஏழு மாசம். இவன் ஒரு வருசம் தாண்டுறான். நான் கேக் வெட்டக் கூடாதா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரிஜனிடமும் ஒன்றுமில்லை.

நம் நாட்டில் 1971-இல், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். 2020-இல் அந்த எண்ணிக்கை 28. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் அந்தத் தாய் நின்றிருந்தார். முதலாம் பிறந்தநாள் ஏன் மற்றப் பிறந்தநாள்களைவிடப் பெரிதாகக் கொண்டாடப்படுகிறது என்பதைக் கல்லறைத் தோட்டத்துச் சிறு குழிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அரசர்கள் மட்டுந்தான் அந்நாளில் பிறந்தநாள் கொண்டாடினார்கள் என்று நான் சொன்னதும் முழு உண்மை அன்று. வட இங்கிலாந்தில் விண்டொலாண்டா என்னும் உரோமைக் கோட்டையின் ஈரமண்ணில், மையால் எழுதப்பட்ட மெல்லிய மரப்பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ கி.பி. 100-ஐச் சேர்ந்தது. கிளாவுதியா செவேரா என்னும் பெண், தன் தோழி சுல்பிக்கியா லெப்பிதினாவுக்கு அனுப்பிய அழைப்பு அது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள். நீ வந்தால்தான் அந்நாள் எனக்கு இனிக்கும் என்பது அதன் சாரம். தன் கணவரும் சின்ன மகனும் வாழ்த்துச் சொல்வதாகவும் எழுதுகிறாள். எழுத்தர் எழுதிய கடிதத்தின் அடியில் தன் கைப்படவும் சில வரிகள் சேர்க்கிறாள். பெண்ணொருத்தி தன் கையால் இலத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று இவ்வாறு ஒரு பிறந்தநாள் அழைப்பாக அமைந்துவிட்டது. எல்லைக் காவற்கோட்டையின் குளிரில் தனித்திருந்த ஒருத்திக்குத் தோழி வேண்டியிருந்தது, அவ்வளவே. இதில் பார்வோனும் இல்லை, ஏரோதும் இல்லை.

பிற்காலத்துக் கத்தோலிக்க நாடுகளில் பிறந்தநாளைவிடப் பெயர் கொண்ட புனிதரின் திருநாளே பெரிதாயிற்று. குருமடங்களில் அதிபரின் நாமவிழாவுக்கு நாங்கள் பாட்டுக் கட்டியது அந்த வழக்கின் எச்சமே. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், திருமுழுக்குப் பதிவேடுகளைப் பங்குத்தந்தையர் பேணவேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆகவே பலருக்குப் பிறந்த நாள் தெரியாது, திருமுழுக்கு நாள் தெரியும். இசைமேதை பேத்தோவன் 1770 டிசம்பர் 17 அன்று பான் நகரில் திருமுழுக்குப் பெற்றார் என்பது பதிவேட்டில் உள்ளது. பிறந்தது எந்நாள் என்பது இன்றும் ஊகமே.

கேக்கும் மெழுகுவர்த்தியும் செர்மனி நாட்டிலிருந்து வந்தவை. மொராவிய சபைத் தலைவர் சின்சென்டோர்ஃப் பிரபுவின் 1746-ஆம் ஆண்டுப் பிறந்தநாளில், அடுப்பு கொள்ளுமளவு பெரிய கேக் செய்து, வயதுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி குத்தினார்கள் என்று, அச்சபையை விட்டு வெளியேறிய ஒருவர் குறைகூறும் நோக்கில் எழுதி வைத்தார். (அந்தப் பிரபு மாணவராயிருந்தபோது, தரங்கம்பாடியிலிருந்து சென்ற சீகன்பால்கைக் கண்டவர், அவர் சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள். கேக்கையும் கொண்டு வந்தார்களா என்பது வேறு கதை.) 1801-இல் தம் 52-ஆம் பிறந்தநாளைக் கோத்தா நகரில் கழித்த கவிஞர் கோத்தே, தம் கேக்கின்மேல் ஐம்பது சுடர்கள் ஒன்றோடொன்று உருகிக் கலக்கப் பார்த்ததைக் குறிப்பிடுகிறார். குழந்தைகளின் விழாவிலோ, வரும் ஆண்டுகளின் மெழுகுவர்த்திகளுக்கு இடம் மீதமிருக்கும் என்கிறார். ஆகவே குழந்தைக்காக மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் அதற்குமுன்பே அங்கு வேரூன்றியிருந்தது. நாம் பாடும் வாழ்த்துப்பாட்டின் மெட்டு, 1893-இல் அமெரிக்காவில் மழலையர் பள்ளிக்கென இரு சகோதரிகள் வெளியிட்ட காலை வணக்கப் பாட்டின் மெட்டு.

மன்னனின் விருந்து குழந்தையின் விருந்தாக மாறிய இந்த நெடும் பயணத்தை எண்ணும்போது, நான் மாற்கு நற்செய்திக்கே திரும்புகிறேன். ஏரோதின் அழைப்பாளர் பட்டியலை மாற்கு தெளிவாகத் தருகிறார்: அரசவையினர், ஆயிரவர் தலைவர்கள், கலிலேயாவின் முதன்மைக் குடிமக்கள். அக்கூடத்தில் இளையவளாக நம் கண்ணில் படுவது ஒருத்திதான். விருந்தினர் மகிழ ஆடுவதற்காக அவள் உள்ளே வருகிறாள். அவளைக் குறிக்க மாற்கு ‘கொராசியோன்’, அதாவது சிறுமி, என்னும் கிரேக்கச் சொல்லை ஆள்கிறார். இச்சொல் அதற்கு முந்தைய அதிகாரத்திலும் வருகிறது. யாயிரின் மகள், பன்னிரண்டு வயதுக் குழந்தை. இறந்து கிடந்தவளின் கையை இயேசு பிடித்து எழுப்புகிறார். எழுந்ததும் அவர் முதலில் கவலைப்பட்டது அவளுடைய பசியைப் பற்றி: உண்ணக் கொடுங்கள் என்கிறார் (மாற் 5:41-43). ஏரோதின் விருந்தில் சிறுமியின் கையில் வைக்கப்பட்டது ஒரு தட்டு. அதில் இருந்தது உணவன்று.

நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். “விருந்து எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். இரவு எட்டு மணி என்றார். “பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும்?” அதற்கு அவர் மனைவியைப் பார்த்தார். “ஏழு மணிக்கெல்லாம் தூங்கிரும், ஃபாதர். சத்தம் கேட்டா பயந்து அழும்” என்றார் அந்தப் பெண். அதுவரை அவர் பேசவேயில்லை. பாவம், அந்தத் தந்தைக்கு மகள் பெரும்பாலும் கைபேசித் திரையில் மட்டுமே தெரிந்தவள். அவள் உறங்கும் நேரம் அவருக்கு எப்படித் தெரியும்? முந்நூறு பேரை அழைப்பதும், தான் இல்லாத ஓராண்டை ஒரே மாலையில் ஈடுசெய்யும் ஆசையாக இருக்கலாம். அதைக் கடிய எனக்கு மனம் வரவில்லை.

திருமுழுக்கு, பிறந்தநாள்வரை காத்திராமல் அடுத்த ஞாயிறன்றே நடந்தது. பிறந்தநாள் விருந்து பிற்பகல் நான்கு மணிக்கு, வீட்டு முற்றத்தில். ஒலிபெருக்கி இல்லை, பலூன் வளைவு இருந்தது. அதைத் தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிப் பெற்ற திருமுழுக்கு மெழுகுவர்த்தியைக் கேக்குக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருந்தார் பாட்டி. அவர் என்னிடம் தம் வயதைக் கேட்டார். தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது, அதாவது 1964-இல், தாம் திண்ணையேறத் தெரிந்த பிள்ளை என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. மறுநாள் பழைய பதிவேட்டை எடுத்துத் தேடினோம். திருமுழுக்குப் பெற்ற நாள் இருந்தது: 1961, பிப்ரவரி 19. பிறந்த நாளுக்கான கட்டத்தில் பேனா பட்டிருக்கவில்லை.

“இதுவே போதும், சாமி” என்று சொல்லி, அந்தத் தேதியைப் பேத்தியின் நோட்டுப் புத்தகத்திலேயே எழுதித் தரச் சொன்னார்.